இருபத்திமூணு வளையம்

உப்புமுனைக்குத்தானே? அப்ப நல்லா சாஞ்சி உக்காரும்மா, கடைசி ஸ்டாப்பு அதான். இன்னும் முக்கா மணி நேரம் ஆகும், ரோடு அப்படி. சன்னலோரம் நீயே உக்காந்துக்க. எனக்கு உப்புக்காத்து மூஞ்சில அடிச்சா கண்ணு எரியும்.

அந்தப் புத்தகத்து அட்டையில இருக்கற பொடிக்குருவி கொசு உள்ளான்தானே? பாத்ததும் தெரிஞ்சிக்கிட்டேன். பறவை கேம்ப்புக்கா போறே? அட, நானும் அங்கதான். குணவதின்னு எம்பேரு. பன்னெண்டு வருஷமா கேம்ப்புல நோட்டு எழுதறவ நான்தான். நீன்னே பேசுறேன், தப்பா நெனச்சிக்காதே, எம்பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு.

என்னது, பழைய நோட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தவா வந்திருக்கே? எல்லா வருஷத்து நோட்டுமா?

சரி. சரி.

இல்லம்மா, ஒண்ணுமில்லை. கையெழுத்து புரியலைன்னா எங்கிட்ட கேளு. ஆனா புரியும். கேம்ப்பை நடத்துன ஜெயகோபன் சாரு சொல்லுவாரு, "குணவதியம்மே, உங்க எழுத்து அச்சடிச்ச மாதிரி"ன்னு. அவரு மலையாளத்துக்காரரு. பன்னெண்டாவது முடிச்சிட்டு உப்பளத்துல வரப்பு மிதிச்சிக்கிட்டு இருந்தவளைக் கூப்பிட்டு பேனாவைக் கையில குடுத்தது அவருதான். ஒரு நாளு, ஒரு எண்ணுகூட நான் தப்பா எழுதுனதில்லை. அதை மொதல்ல நீ மனசுல வெச்சிக்க.

வளையம் போடுறதை நீ பாத்திருக்க மாட்டேல்ல? கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. விடியக்காலம் ஊருக்குத் தெக்கே கடலோரச் சேத்து மேட்டுல வலை கட்டுவாங்க, தெற்குச் சேறும்பாங்க அதை. தலைமுடியாட்டம் நைசான வலை, பறவைக்குக் கண்ணுக்கே தெரியாது. விழுந்ததும் அலுங்காம எடுத்து, துணிப்பையில போட்டுக் கொண்டாருவாங்க. எடை, றெக்கை நீளம், வயசு எல்லாம் பாப்பாங்க. கால்ல ஒரு அலுமினிய வளையம், அரிசியைவிடக் கொஞ்சம் பெருசு, அதுல நம்பரும் தகவல் சொல்லவேண்டிய பம்பாய் ஆபீசு விலாசமும் பொடிசா இருக்கும். சாரு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அப்புறம் விட்டுருவோம். உள்ளங்கையில ஒரு நிமிசம் அசையாம உக்காந்திருக்கும் பாரு, ரெண்டு தீப்பெட்டி கனம்தான், நெஞ்சு மட்டும் படபடபடன்னு. அப்புறம் காணாமப் போயிரும்.

மொதல் வருஷம் எனக்கும் இது கிறுக்குத்தனமாத்தான் தெரிஞ்சிச்சி. பிடிக்கிறாங்க, எழுதறாங்க, விடுறாங்க. இதுல என்ன இருக்கு? மூணாவது வருஷம் கொசு உள்ளான் ஒண்ணு சிக்குச்சி. கால்ல வளையம் இருந்துச்சி. சாரு பூதக்கண்ணாடி வெச்சி நம்பரைப் படிச்சாரு, நான் பழைய நோட்டைப் பொரட்டுனேன். கடைசி மூணு எண்ணு நாலு ஒண்ணு ஏழு. மொத வருஷம் மார்கழியில, நான் வேலைக்குச் சேந்த பத்தாவது நாளு, என் கையால எழுதுன நம்பரு. அது ருஷ்யாவுல வடக்கே பனிக்காட்டுக்குப் போயி, முட்டை வெச்சி, மறுபடி வந்து, மறுபடி போயி, மறுபடி வந்திருக்கு. எங்க? மொத பிடிச்ச எடத்துலேருந்து எரநூறு அடி தள்ளி. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சி. எங்க ஊருல எவனுக்காவது தெற்குச் சேத்துமேல அவ்வளவு பிரியம் உண்டா?

அஞ்சாவது வருஷம் வந்துச்சி. எட்டாவது வருஷமும் வந்துச்சி. நானூத்திப் பதினேழுன்னா கேம்ப்புல எல்லாருக்கும் தெரியும்.

அந்த எட்டாவது வருஷந்தான் ஒரு கம்பெனிக்காரங்க தெற்குச் சேத்துல இறால் பண்ணை போடணும்னு வந்தாங்க. கல்யாண மண்டபத்துல கூட்டம் வெச்சி ஊரு சனத்துக்கிட்ட கருத்துக் கேட்டாங்க. கம்பெனி ஆளு எந்திரிச்சி, "இவ்வளவு பெரிய கடற்கரை கெடக்கு, பறவை வேற எடத்துக்குப் போவாதா?"ன்னு கேட்டான். சனமெல்லாம் சிரிச்சிது. சாரு சிரிக்கலை. என் நோட்டை விரிச்சி வெச்சிக்கிட்டு நானூத்திப் பதினேழைத் தேதி தேதியா வாசிச்சாரு. வரும்போது இருவது கிராம், மாசியில கெளம்பும்போது முப்பது கிராம். "இந்தச் சேத்துல தின்ன பத்து கிராமுலதான் அது பாதி ஒலகத்தைத் தாண்டுது. வேற எடத்துக்குப் போறதா இருந்தா எட்டு வருஷத்துல போயிருக்கும்"னாரு. அதிகாரி நோட்டை வாங்கிப் பாத்துட்டு, "இது யாரு எழுத்து?"ன்னு கேட்டாரு. நான் எந்திரிச்சி நின்னேன். அந்த வருஷம் பண்ணையைத் தள்ளி வெச்சிட்டாங்க.

பாத்தியா, கண்ணு எரியுதுன்னு சொன்னேன்ல. உப்புக்காத்து.

அடுத்த வருஷந்தான் வினையெல்லாம் வந்துச்சி. நாலு வருஷம் ஆவுது இந்தத் தையோட.

மார்கழி முழுக்கப் பிடிச்சோம். பறவைக்கு ஒண்ணும் குறைச்சலில்லை. சேத்துல பாத்தா ஆயிரமாயிரமா மேயுது. ஊருல யாரைக் கேட்டாலும், "இந்த வருஷம் நல்ல வரத்து"ம்பாங்க. சாரு மட்டும் மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாரு. "குணவதியம்மே, போன வருஷம் நூறு பிடிச்சா பத்து பழைய வளையம் இருக்கும். இப்ப ரெண்டுகூட இல்லை. பழசுங்க எங்க போச்சி?" வளையம் இல்லைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா. கூட்டத்தைப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு வீட்டுக்குப் போயிருப்போம். புதுக் குஞ்சுங்க வந்து எடத்தை நெரப்பிடும். உள்ளுக்குள்ள பழசுங்க கொறையறது வளையத்துக்கு மட்டுந்தான் தெரியும்.

தை பொறந்து ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் எந்தம்பி வீட்டுக்குப் போனேன். எந்தம்பி முருகையன். எங்கம்மா போனப்ப அவனுக்கு மூணு வயசு, எனக்குப் பதினாலு. நான் தூக்கி வளத்த புள்ளை. கேம்ப்புல ரெண்டு வருஷம் வலைக்கம்பு நடுற வேலைக்கு நான்தான் சேத்து விட்டிருந்தேன். ஒழுங்கா வராம நின்னுட்டான். அதை விடு. அவன் பொண்ணு தேன்மலர், அப்ப ஒண்ணாவது படிக்குது, தலை பின்னிவிடச் சொல்லி முதுகைக் காட்டி உக்காந்துச்சி. கழுத்துல ஒரு மாலை. சிவப்பு நூலுல கோத்த வெள்ளி மணியாட்டம். "யாரு குட்டி வாங்கிக் குடுத்தா?"ன்னு கையில எடுத்துப் பாத்தேன்.

மணி இல்லை.

கண்ணாடி இல்லாமலே எனக்கு அந்த எழுத்து தெரியும். எண்ணிப் பாத்தேன். இருவத்தி மூணு.

பாதிப் பின்னல்ல சடையை விட்டுட்டு வெளிய வந்தேன். அவன் வேப்ப மரத்தடியில வலை தச்சிக்கிட்டு இருந்தான். நைசான வலை. எங்க கேம்ப்பு வலை, கிழிஞ்சதுன்னு தூக்கிப் போட்டது.

"முருகையா, இது ஏதுடா?"

"சும்மா கெடந்துச்சிக்கா."

"எங்கடா கெடந்துச்சி?"

"கால்ல."

சிரிக்கிறான். நான் சிரிக்கலைன்னதும், "யக்கா, நான் என்ன பூநாரையையா பிடிச்சேன்? கொசுவாட்டம் ஒரு குருவி, ஒரு வாய்க் கறி. எத்தனை ஆயிரம் கெடக்கு"ங்கறான்.

"சாரு தெனம் வயித்தெரிச்சல் படுறாருடா."

"ஒங்க சாரு வலை போட்டா ஆராய்ச்சி, நான் போட்டா திருட்டா?"

"அவரு விட்டுடுறாருடா பாவி."

"அவருக்குப் பசிக்காது, விட்டுடுறாரு."

அதுக்கு நான் என்ன சொல்றது? நீ சொல்லு. படிச்சவ, நீ சொல்லு.

புள்ளைக்கிட்ட பாசிமணி மாலை வாங்கித் தர்றேன்னு சொல்லி அதை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். வீட்டுல நோட்டை வெச்சிக்கிட்டு ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்தேன். எல்லாம் எங்க வளையம். எல்லாம் என் எழுத்து. பதினாறாவதா வந்துச்சி, நாலு ஒண்ணு ஏழு.

யாருக்கும் சொல்லாம குப்பையில போட்டிருக்கலாம். எங்க வீட்டு ஆளு அதைத்தான் சொன்னாரு. "கெணத்துல போடு, விடு." எனக்கு மனசு வரலை. ஒம்போது வருஷம் வந்த ஜீவன். செத்துச்சின்னாவது எழுத வேணாமா? சாரு அது வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருப்பாரே. வளையம் கெடைச்சா எழுதறதுக்குன்னே ஒரு ஃபாரம் இருக்கு. நம்பர், தேதி, இடம். நாலாவது கட்டம், எப்படிக் கிடைத்தது. வேட்டைன்னு எழுதுனா வனத்துறை வருவாங்க. முருகையன் உள்ள போவான். ஜாமீன்கூட சுளுவுல கெடைக்காதுன்னாங்க.

அதனால அந்த நாலாவது கட்டத்துல மட்டும், "இறந்து கிடந்தது"ன்னு எழுதுனேன். ஒரே ஒரு சொல்லு. மத்ததெல்லாம் நெசம். நம்பரு நெசம், எல்லாம் நெசம். இடம் மட்டும் தெற்குச் சேறுன்னு போட்டேன், எங்கியாவது ஒரு எடம் போடணுமே. தேதியையும் ஒரே நாளா போட்டா நம்ப மாட்டாங்கன்னு ஒம்போது நாளா பிரிச்சி, ஒரு நாளைக்கு ரெண்டு, ஒரு நாளைக்கு மூணுன்னு போட்டேன். நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை ஒண்ணுமே இல்லாம விட்டேன். நான் சேத்துப் பக்கம் நண்டு பொறுக்கப் போனப்ப பாத்ததா சொன்னேன். நோட்டுலயும் அதையே ஏத்துனேன். மத்தபடி ஒரு பொய்யும் இல்லம்மா.

இது இவ்வளவு தூரம் போவும்னு எனக்கு எப்படித் தெரியும்? பாவம் செத்துப் போச்சின்னு வருத்தப்படுவாரு, மேல வேலையைப் பாப்பாருன்னு நெனச்சேன். ஃபாரத்தைப் படிச்சதும் அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சி. "இருவத்தி மூணு. ஒரே சேறு. ஒம்போது நாளு"ன்னு முணுமுணுத்தாரு. வளையம் இருக்கறதே இருவத்தி மூணு செத்திருந்தா, இல்லாதது எத்தனை செத்திருக்கும்னு கணக்குப் போட்டுட்டாரு. காய்ச்சலா இருக்கும், இல்லை தண்ணியில விஷம். அன்னைக்கே போன் பறந்துச்சி. மறுநாளு மூஞ்சில துணி கட்டிக்கிட்டு கால்நடை டாக்டருங்க வந்தாங்க. பறவைகிட்டேருந்து பஞ்சுல தொடச்சி எடுத்துக்கிட்டு, எங்கியோ வடக்கே பரிசோதனைக்கு அனுப்புனாங்க. முடிவு வர்ற வரைக்கும் ஒரு பறவையையும் கையால தொடக்கூடாது. கேம்ப்பை மூடுனாங்க. தெற்குச் சேத்துக்குள்ள மனுஷ காலு படக்கூடாதுன்னு கயிறு கட்டுனாங்க. நண்டு பொறுக்குற பொம்பளைங்க போவ முடியலை. அந்தப் பக்கத்து உப்புப் பாத்தியிலதான் எங்க ஆளுக்கு வேலை, அதுவும் நின்னுச்சி. சோத்தைப் போட்டா தின்னாரு, எந்திரிச்சிப் போனாரு.

ஏழு வாரம்.

மூணாவது வாரம் முருகையன் வந்தான். பையை அடுப்படியில வெச்சிட்டு, "யக்கா, நீ செஞ்ச மாதிரி ஒரு ஒதவி எனக்கு யாரும் செஞ்சதில்லை"ங்கறான். எனக்குப் புரியலை. "விடிஞ்சா கேம்ப்பு ஆளுங்க, டார்ச்சு லைட்டு, ஜீப்புன்னு இருக்கும். இப்ப சேத்துல ஈ காக்கா இல்லை"ங்கறான். பையைப் பிரிச்சா தோலுரிச்ச உள்ளான். நான் அவனை அடிச்சேன். நெசமாவே அடிச்சேன், தொடப்பக்கட்டையால. நாப்பது வயசு ஆளு, குழந்தையாட்டம் கையைத் தலைமேல வெச்சிக்கிட்டு குனிஞ்சி நிக்கிறான். எங்கம்மா போன அன்னைக்கும் அப்படித்தான் நின்னான். தொடப்பத்தைப் போட்டுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே சாருகிட்ட சொல்லிடுறதுன்னு போனேன். வாசல்லயே என்னைப் பாத்துட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாரு. "பம்பாய்க்காரங்க கேக்குறாங்க, தகவல் நம்பிக்கையானதான்னு. நான் சொல்லிட்டேன், குணவதியம்மை எழுதுனதை நான் ரெண்டாவது தடவை பாக்கறதில்லைன்னு." டீ போட்டுக் குடுத்தாரு. குடிச்சேன். வந்துட்டேன்.

பரிசோதனை முடிவு மாசிக் கடைசியில வந்துச்சி. காய்ச்சலும் இல்லை, விஷமும் இல்லை. பறவையெல்லாம் அதுக்குள்ள வடக்கே கெளம்பிடுச்சி. "காரணம் தெரியலை"ன்னு சாரு எழுதுனாரு. அதோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன்.

சித்திரையில மறுபடி அதே மண்டபம். கம்பெனி ஆளு இந்தத் தடவை வெறுங்கையோட வரலை. என் நாலாவது கட்டத்தை நகலெடுத்து கையில வெச்சிருந்தான். "பறவைங்களைக் காப்பாத்தணும்னு போன வருஷம் சொன்னீங்க. இங்கதான் செத்து விழுதுன்னு உங்க நோட்டே சொல்லுது. கெட்டுப்போன சேத்தை வெச்சிக்கிட்டு யாருக்கு லாபம்? நாங்க கரை கட்டி, தண்ணியைச் சுத்தம் பண்ணிப் பயன்படுத்துறோம்"னான். சாரு எந்திரிச்சாரு. பரிசோதனையில ஒண்ணும் இல்லைன்னாரு. "அப்ப எப்படிச் செத்துச்சி?"ன்னு அதிகாரி கேட்டாரு. சாரு என் பக்கம் திரும்புனாரு.

"குணவதியம்மே, நீங்க உங்க கண்ணால பாத்தீங்கல்ல? சேத்துல கெடந்ததை?"

கோவமா கேக்கலைம்மா. நான் ஏதாவது சொல்லிக் காப்பாத்துவேன்னு நெனச்சிக் கேக்குறாரு. மண்டபம் முழுக்க என்னைப் பாக்குது. ஆம்பளைங்க பக்கத்துல கடைசி பெஞ்சில முருகையன், மடியில தேன்மலர். அது என்னைப் பாத்து கையை ஆட்டுது. நான் வாங்கிக் குடுத்த பாசிமணியைப் போட்டுக்கிட்டு வந்திருக்கு.

"ஆமா சார். பாத்தேன்"னேன்.

அவ்வளவுதான்.

அங்க பாரு, பனைமரத்துக்கு அந்தப் பக்கம். நீட்டுக்கு மண்ணுக்கரை தெரியுதா? கரைக்கு உள்ள மோட்டாரு தண்ணியைச் சுத்திக்கிட்டே இருக்கும், வெள்ளை வெள்ளையா நொரை. அதான் தெற்குச் சேறு. பாதியைக் கட்டிட்டாங்க. மீதிப் பாதிக்கு மனு போயிருக்காம். நான் என்ன பண்ண முடியும்? நான் நோட்டு எழுதறவ.

சாரு அடுத்த வருஷம் மாத்தலாகி அசாமுக்குப் போயிட்டாரு. போகும்போது என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "அந்த இருவத்தி மூணு மட்டும் புரியலை"ன்னாரு. இப்பவும் பொங்கலுக்கு போன் பண்ணுவாரு. எல்லாம் நல்லா விசாரிச்சிட்டு, கடைசியில அதைக் கேப்பாரு. நான் டவர் கெடைக்கலைன்னு வெச்சிடுவேன்.

முருகையன் இப்ப நல்லா இருக்கான். புது சாருகிட்ட சொல்லி அவனை மறுபடி கேம்ப்புல நான்தான் சேத்து விட்டேன். கண்ணு முன்னாடி இருந்தா தப்புத்தண்டா பண்ண மாட்டான்ல? வலை போடுறதுல அவனை அடிச்சிக்க ஆளில்லை. எந்த மேட்டுல எப்ப எறங்கும்னு காத்தை மோந்தே சொல்லிடுவான். புது சாருக்கு அவன்மேல உசுரு, கொட்டகைச் சாவியே அவன்கிட்டதான் இருக்கு. தேன்மலர் தலையில கையடிச்சி சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான் எனக்கு, இனி தொடமாட்டேன்னு. தொடலை. நான் நம்புறேன்.

பழைய வளையமா? இல்லம்மா, இந்த வருஷமும் ரொம்பக் கொறைச்சல்தான். போன வருஷத்தைவிடக் கம்மி. ஒலகமே சூடாவுதாம், வடக்கே பனி உருகுதாம், அதனாலன்னு புது சாரு சொல்றாரு. படிச்சவங்க சொல்றாங்க. இருக்கும்.

ஏம்மா அப்படிப் பாக்குறே?

அந்த வருஷத்து நோட்டு பச்சை அட்டை. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். எப்படியும் உன் கண்ணுல படும். நீயும் பாத்துட்டு எங்கிட்ட வந்து, அக்கா இது எப்படின்னு கேப்பே. இன்னொரு தடவை ஆமா பாத்தேன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதான் சொல்லிட்டேன். மாத்தி எழுதுன்னு சொல்லலை. மாத்தாதேன்னும் சொல்லலை. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.

ஊரு வந்துடுச்சி. அங்க பைக்குல சாஞ்சிக்கிட்டு நிக்கிறானே நீலச் சட்டை, அவன்தான் எந்தம்பி. நீ வர்றேன்னு புது சாரு சொல்லி அனுப்பியிருப்பாரு. சாமானைக் குடு, பதனமா ஏத்திக்கிட்டுப் போவான். மரியாதையான ஆளு. அண்ணன்னு கூப்பிடு, சந்தோசப்படுவான்.

நீ முன் வாசல் வழியா எறங்கும்மா. நான் பின்னாடி எறங்கிக்கிறேன். நாம பேசிக்கிட்டு வந்தோம்னு அவனுக்குத் தெரிய வேணாம்.